பழ ஐஸ் டீ: கலங்காமல், கசக்காமல் வீட்டிலேயே போட வழி சொல்லுங்கள்

வைகைக்கரை
ஏப்ரல் 19, இரவு 9:40

எல்லோருக்கும் வணக்கம். மதுரையில் வெயில் இப்போதே மண்டையைப் பிளக்கிறது. பரீட்சை முடிந்து பிள்ளைகள் இரண்டு பேரும் வீட்டில்தான் இருக்கிறார்கள். பெரியவளுக்கு 14 வயது, சின்னவனுக்கு 8. ஒரு கல்யாண வரவேற்பில் பீச் ஐஸ் டீ குடித்துவிட்டு வந்ததிலிருந்து பெரியவள் தினமும் அதையே கேட்கிறாள். கடையில் ஐஸ் டீ பவுடர் வாங்கலாம் என்று போய், பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படித்தேன். சேர்மானத்தில் முதலில் எழுதியிருப்பதே சர்க்கரை. எது அதிகமோ அதைத்தான் முதலில் போடுவார்கள். வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

நானே இரண்டு முறை போட்டுப் பார்த்தேன், இரண்டு முறையும் சரிவரவில்லை. அரை லிட்டர் தண்ணீரில் மூன்று ஸ்பூன் டீத்தூள், அதாவது பால் டீக்குப் போடும் அதே டஸ்ட். தளதளவென்று கொதிக்கும்போது ஒரு மாம்பழத்தை நறுக்கி அதிலேயே போட்டு இன்னும் ஐந்து நிமிஷம் கொதிக்கவிட்டேன். வடிகட்டி, சர்க்கரை கலந்து, சூட்டோடு ஃப்ரிட்ஜில் வைத்தேன். ஒரு மணி நேரம் கழித்து எடுத்தால் செம்மண் கரைத்த தண்ணீர் மாதிரி கலங்கி நிற்கிறது. மேலே மெல்லிசாக ஓர் ஏடு. வாயில் வைத்தால் நாக்கு முழுக்கத் துவர்ப்பு. மாம்பழ வாசனை துளிகூட இல்லை. "கெட்டுப்போச்சாம்மா?" என்று கேட்டாள். பதில் தெரியாமல் கொட்டிவிட்டேன்.

எங்கே தப்பு என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள். எங்கள் வீட்டில் போர் தண்ணீர்தான், அதையும் சொல்லிவிடுகிறேன்.


அடுப்படி ராஜ்ஜியம்
ஏப்ரல் 19, இரவு 10:05

மாம்பழத்தைக் கொதிக்கவைத்ததுதான் தப்பு தோழி. மாம்பழத்தின் வாசனை சூட்டில் நிற்காது, ஜாம் வாடைதான் மிஞ்சும். மாம்பழக் கூழைப் பச்சையாகக் கடைசியில் கலந்து பாருங்கள். டீ கலங்குவதற்கு என்ன காரணம் என்று எனக்கும் தெரியவில்லை, எனக்கும் அப்படித்தான் ஆகும்.


குன்னூர் மேகம்
ஏப்ரல் 20, காலை 6:20

குன்னூர்ப் பக்கம் தேயிலைத் தொழிற்சாலையில் இருபது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்தவன் நான். டீ கெட்டுப்போகவில்லை சகோதரி, கொட்டியிருக்க வேண்டாம். கலங்கிய டீயில் ஒரு டம்ளர் எடுத்துச் சூடாக்கிப் பாருங்கள், கண் முன்னாலேயே தெளிந்துவிடும்.

தேயிலையில் காஃபின் இருக்கிறது, துவர்ப்பைத் தரும் பாலிஃபீனால் இருக்கிறது. சூடாக இருக்கும்போது இரண்டும் தண்ணீரில் தனித்தனியாகக் கரைந்து கிடக்கும். குளிர்ந்ததும் ஒன்றை ஒன்று பிடித்துக்கொண்டு நுண்ணிய துகளாகத் திரளும். அதுதான் நீங்கள் பார்த்த கலங்கல். தொழிலில் இதற்கு 'கிரீம் டவுன்' என்று பெயர். பால் டீக்கு வாங்கும் அசாம் டீயில் இப்படித் திரண்டால் திடமான சரக்கு என்று சந்தோஷப்படுவார்கள். ஐஸ் டீக்கு அதே குணம்தான் வினை.

உங்கள் விஷயத்தில் நான்கு காரணம் ஒன்றாகச் சேர்ந்துவிட்டது. டஸ்ட் என்பது சி.டி.சி. முறையில் இலையை நொறுக்கிச் சுருட்டியதில் வரும் சின்னத் தூள். இரண்டு நிமிஷத்தில் சாரம் முழுவதையும் இறக்கிவிடும், பாலுக்கு அதுதான் வேண்டும். அதை ஐந்து நிமிஷத்துக்கும் மேல் கொதிக்கவிட்டால் துவர்ப்பு இறங்காமல் என்ன செய்யும்? அடுத்து, போர் தண்ணீர். அதிலுள்ள சுண்ணாம்புச் சத்து கலங்கலைக் கூட்டும், மேலே ஏடும் கட்டும். அந்த ஏடு பாலாடை மாதிரி இல்லை, கண்ணாடி டம்ளரில் பார்த்தால் எண்ணெய்ப் படலம் போலப் பளபளக்கும். மூன்றாவது, சூட்டோடு ஃப்ரிட்ஜுக்குள் போனது. நான்காவது, மாம்பழக் கூழ். அது எப்படி இருந்தாலும் டீயைக் கலக்கத்தான் செய்யும்.

பாலுக்கு வாங்கும் டஸ்ட்டை விட்டுவிட்டு, ஆர்த்தடாக்ஸ், அதாவது நொறுக்காமல் இலையாகவே சுருட்டிய தேயிலை கொஞ்சம் வாங்குங்கள். நூறு கிராம் போதும், பல நாள் வரும். நீலகிரி ஆர்த்தடாக்ஸ் குளிர்ந்தாலும் பெரும்பாலும் தெளிவாகவே நிற்கும், ஐஸ் டீக்கு வெளிநாட்டுக்காரர்கள் இதைத் தேடி வாங்குவதற்கு அதுவே காரணம். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை பனிக்காலத்தில் பறித்த இலை கிடைத்தால் இன்னும் விசேஷம். பூ வாசனை இருக்கும்.

போடும் விதம்: ஒரு லிட்டர் ஆர்.ஓ. தண்ணீர் அல்லது கேன் தண்ணீர், 10 கிராம் இலை. தராசு இல்லையென்றால் நான்கு டீஸ்பூன் என்று வைத்துக்கொள்ளுங்கள். அடுப்பே வேண்டாம். பச்சைத் தண்ணீரில் இலையைப் போட்டு மூடி, இரவு படுக்கும்போது ஃப்ரிட்ஜில் வைத்துவிடுங்கள். காலையில் எழுந்து வடிகட்டினால் முடிந்தது. எட்டு மணி நேரம் கணக்கு, பத்து ஆனாலும் ஒன்றும் ஆகாது. குளிர்ந்த தண்ணீரில் துவர்ப்பும் காஃபினும் குறைவாகத்தான் இறங்கும், வாசனை மட்டும் நிதானமாக வரும். ஆகவே கலங்கத் தேவையான சரக்கே அதில் இருக்காது.

வடிகட்டும்போது இலையைப் பிழியாதீர்கள். தானாகச் சொட்டியது போதும்.


உறையூர் ஜூஸ்கடை
ஏப்ரல் 20, காலை 11:15

குன்னூர் அண்ணன் சொன்னது அத்தனையும் சரி. ஆனால் கடையில் நின்றுகொண்டு எட்டு மணி நேரம் காத்திருக்க முடியாது. வீட்டிலும் திடீரென்று விருந்தாளி வருவார்கள். அதற்கு என் வழியைச் சொல்கிறேன், பதினோரு வருஷமாக இப்படித்தான் ஓடுகிறது.

அரை லிட்டர் தண்ணீர் கொதித்ததும் அடுப்பை அணைத்துவிட வேண்டும். அணைத்த பிறகுதான் 10 கிராம் இலை. மூடி வைத்து நான்கு நிமிஷம், கடிகாரம் பார்த்து. வடிகட்டி, சூடாக இருக்கும்போதே சர்க்கரை போட்டுக் கலக்கிவிடுங்கள். அப்புறம் அரை லிட்டர் சாதாரணத் தண்ணீர் ஊற்றுங்கள். டிகாக்ஷன் அப்போதே பாதி ஆறிவிடும். மீதிச் சூடும் வெளியிலேயே ஆறட்டும். தொட்டால் சூடு தெரியாத நிலைக்கு வந்த பிறகு ஃப்ரிட்ஜ். சூடான டீயைக் கண்ணாடி ஜாடியில் ஊற்றாதீர்கள், விரிசல் விடும். எவர்சில்வர் பாத்திரமே நல்லது.

அப்படியும் லேசாகக் கலங்கினால் எலுமிச்சை பிழியுங்கள். டீயின் நிறம் சட்டென்று மாறிப் பொன்னிறத்துக்கு வரும், பார்க்கவே நன்றாக இருக்கும்.

பழத்துக்கு வருகிறேன், நிறையப் பேர் கோட்டைவிடுவது இங்கேதான். பழத்தையும் டீயையும் ஒரே பாத்திரத்தில் வேகவைக்கக் கூடாது. டீ தனி, பழப் பாகு தனி. குடிக்கும் நேரத்தில் டம்ளரில்தான் இரண்டும் சந்திக்க வேண்டும். சேர்த்து வைத்தால் டீயின் துவர்ப்பு பழத்தைத் தின்றுவிடும், இரண்டாம் நாள் புளிப்பு வாடையும் வரும். தனித்தனியாக இருந்தால் பிள்ளைகளுக்கு இனிப்புக் கூட, பெரியவர்களுக்குக் குறைய என்று ஊற்றிக்கொள்ளலாம்.

பீச், பிளம்ஸ் இரண்டுக்கும் ஒரே கணக்கு. அரைக் கிலோ பழம், கால் கிலோ சர்க்கரை, கால் லிட்டர் தண்ணீர். தோலோடு நறுக்கிப் போடுங்கள், நிறம் தோலில்தான் இருக்கிறது. சிறு தீயில் பன்னிரண்டு நிமிஷம். பழம் குழைந்து கரண்டியில் அமுங்கினால் போதும். வடிகட்டியில் போட்டு லேசாக அழுத்தினால் அரை லிட்டர் பாகு கிடைக்கும். டம்ளருக்கு 30 முதல் 40 மில்லி போதும். ஃப்ரிட்ஜில் ஒரு வாரம் தாங்கும்.

அன்னாசி என்றால் கட்டாயம் ஐந்து நிமிஷமாவது கொதிக்கட்டும். பச்சை அன்னாசியில் உள்ள புரோமலைன் என்ற நொதி நாக்கை அரிக்கும், சூடு பட்டால்தான் அடங்கும்.

தர்பூசணிக்கு இதற்கு நேர் எதிர். சூடே காட்டக் கூடாது. காட்டினால் பரங்கிக்காய் வாடை வந்துவிடும். மிக்சியில் ஒரு சுற்று, வடிகட்டல், ஐஸ் ட்ரேயில் ஊற்றி ஃப்ரீசர். அந்தச் சிவப்புக் கட்டிகளைத்தான் டீயில் போட வேண்டும். தண்ணீர் ஐஸ் கரையக் கரைய டீ சப்பென்று ஆகும். இதில் கரையக் கரைய ருசி ஏறும். என் கடையில் பிள்ளைகள் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு கட்டி கரைவதையே பார்த்துக்கொண்டு நிற்பார்கள்.


வைகைக்கரை
ஏப்ரல் 20, மதியம் 1:30

இவ்வளவு விவரமாக யாரும் எனக்குச் சொன்னதில்லை. இரண்டு அண்ணன்களுக்கும் நன்றி. நேற்றுப் போட்டதில் ஒரு சின்னப் பாட்டில் ஃப்ரிட்ஜின் பின்வரிசையில் மிச்சம் இருந்தது. குன்னூர் அண்ணன் சொன்னபடி சூடாக்கினேன். ஆவி வர ஆரம்பிக்கும்போதே அடியிலிருந்து தெளிந்துகொண்டு வந்தது. பெரியவளைக் கூப்பிட்டுக் காட்டினேன். கெமிஸ்ட்ரி வகுப்பில் இதையெல்லாம் காட்டினால் நன்றாக இருக்கும் என்றாள்.

இரண்டு சந்தேகம். கண்ணாடி ஜாடியில் இலையும் தண்ணீரும் போட்டு மொட்டை மாடி வெயிலில் நாலு மணி நேரம் வைத்து எடுக்கும் முறையை ஒரு வீடியோவில் பார்த்தேன். மதுரை வெயிலுக்கு அது சுலபம் இல்லையா? இன்னொன்று, எட்டு வயதுப் பையனுக்கு டீ கொடுக்கலாமா?


குன்னூர் மேகம்
ஏப்ரல் 20, மதியம் 2:10

வெயில் டீ வேண்டவே வேண்டாம் அம்மா. வெயிலில் ஜாடித் தண்ணீர் 40, 50 டிகிரிக்கு மேல் ஏறுவது அரிது. கிருமியைக் கொல்ல அந்தச் சூடு போதாது, வளர்க்க வேண்டுமானால் போதும். தேயிலை வயலிலும் கிடங்கிலும் கைபட்டு வரும் பொருள். ஒன்று கொதிநீர், இல்லையென்றால் ஃப்ரிட்ஜ். நடுவில் வேறு வழி தேட வேண்டாம். குளிர்நீரில் ஊறவைக்கும்போதும் காய்ச்சி ஆறிய தண்ணீரையோ நல்ல குடிநீரையோ எடுங்கள். பழம் கலக்காத டீ இரண்டு நாள், அதற்கு மேல் வைக்காதீர்கள்.


வெள்ளை உடை
ஏப்ரல் 20, மாலை 6:45

நான் செவிலியர். பையனைப் பற்றிக் கேட்டதால் எழுதுகிறேன்.

ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) 2024ல் வெளியிட்ட உணவு வழிகாட்டி நெறிகளில், பெரியவர்களுக்கே ஒரு நாளில் மொத்தக் காஃபின் 300 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்கிறார்கள். ஒரு கப் டீயில் 30 முதல் 65 மில்லிகிராம் வரை இருக்கும் என்றும் சொல்கிறார்கள். சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னும் பின்னும் டீ, காபி வேண்டாம் என்பதையும் அதிலேயே சொல்லியிருக்கிறார்கள். கீரை, பயறு, கம்பு இவற்றில் இருக்கும் இரும்புச் சத்தை உடம்பு எடுத்துக்கொள்ளவிடாமல் டீயின் துவர்ப்புப் பொருள் தடுக்கிறது. ரத்தசோகை எத்தனை பெண் பிள்ளைகளுக்கு இருக்கிறது என்று வார்டில் தினமும் பார்க்கிறேன். அதனால் உங்கள் மகளுக்கும் ஐஸ் டீயைச் சாப்பாட்டோடு வைக்காதீர்கள். சாயங்காலம் நாலு மணிக்கு வைத்துக்கொள்ளுங்கள், ஒரு டம்ளரோடு நிறுத்துங்கள்.

சின்னவனுக்கு டீயே வேண்டாம் என்பதுதான் என் அபிப்பிராயம். அதற்காக அவன் அக்காவின் டம்ளரைப் பார்த்து ஏங்க வேண்டியதும் இல்லை. சங்குப்பூ நாலு, அல்லது செம்பருத்தி இதழ் கொஞ்சம் வெந்நீரில் போட்டு எடுத்து, அதே பழப் பாகு, அதே ஐஸ். காஃபின் கிடையாது. சங்குப்பூத் தண்ணீர் நீலமாக இருக்கும், எலுமிச்சை பிழிந்ததும் ஊதாவாக மாறும். அந்த எலுமிச்சையை அவன் கையாலேயே பிழியச் சொல்லுங்கள்.

இன்னொரு விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். ஐஸ் டீ தண்ணீருக்குப் பதில் கிடையாது. அமெரிக்காவில் ஆர்கன்சாஸில் தினமும் 16 டம்ளர் ஐஸ் டீ குடித்துவந்த 56 வயதுக்காரர் ஒருவருக்குச் சிறுநீரகம் செயலிழந்துபோனது 2015ல் மருத்துவ இதழில் வந்தது. டீயில் உள்ள ஆக்சலேட்தான் காரணம். யாரையும் பயமுறுத்த இதைச் சொல்லவில்லை, ஒரு டம்ளர் இரண்டு டம்ளரில் அப்படி எதுவும் ஆகாது. சிறுநீரகக் கல் வந்தவர்கள் வீட்டில் இருந்தால் மட்டும் கவனம். தாகத்துக்குத் தண்ணீரும் மோரும், ஆசைக்கு ஐஸ் டீ.


ஹட்டன் கொழுந்து
ஏப்ரல் 20, இரவு 10:30

இலங்கை மலையகத்தில் இருந்து எழுதுகிறேன். எங்கள் ஆட்கள் நான்கைந்து தலைமுறையாகக் கொழுந்து பறித்தவர்கள். நல்ல சரக்கெல்லாம் கப்பலேறிவிடும், தோட்டத்து வீட்டில் தூள்தான் இருக்கும். என் அம்மம்மா அந்தத் தூளிலேயே இஞ்சி தட்டிப்போட்டு, தேசிக்காய் (உங்கள் எலுமிச்சை) பிழிந்து, கொஞ்சம் சீனி போட்டு, பால் இல்லாத பிளேன்டீ ஊற்றித் தருவார். மலைக்குப் போய் வந்தவர்களுக்கு அது ஆறினாலும் அமிர்தம். மத்தியானம் வெயிலில் போத்தலில் கொண்டுபோய் ஆறவைத்துக் குடித்ததும் ஒருவகையில் ஐஸ் இல்லாத ஐஸ் டீதானே என்று இப்போது நினைத்துக்கொள்கிறேன்.

வைகைக்கரை அக்கா, உங்களுக்குக் கொடித்தோடை கிடைக்குமா? இந்தியாவில் பேஷன் ஃப்ரூட் என்றே சொல்வீர்கள். கொடைக்கானல் பக்கம் காய்க்கும் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். ஐஸ் டீக்கு அதைவிட நல்ல பழத்தை நான் காணவில்லை. மாம்பழம் டீயோடு சண்டை போடும், கொடித்தோடை கைகோத்துக்கொள்ளும். புளிப்பும் வாசனையும் ஒன்றாகவே இருப்பதால் தேசிக்காய்கூடத் தேவைப்படாது.

தோல் வழுவழுப்பாக இருக்கும் பழம் இன்னும் புளிப்பாக இருக்கும். தோல் சுருங்கி, கையில் எடுத்தால் கனமாக இருப்பதை எடுங்கள். இரண்டாக வெட்டிக் கரண்டியால் வழித்து, வடியில் போட்டுக் கரண்டியின் முதுகால் தேயுங்கள். மிக்சியில் மட்டும் அடிக்க வேண்டாம். கறுப்பு விதை உடைந்தால் கசப்பு வரும், சாற்றில் கறுப்புப் பொடி மிதக்கும். நாலு பழத்துச் சாறுக்கு நாலு மேசைக்கரண்டி சீனி. சீனியைக் கொஞ்சம் சுடுதண்ணியில் கரைத்துச் சாற்றில் கலந்தால் போதும், சாற்றை அடுப்பில் வைக்கத் தேவையில்லை. கறுவாப்பட்டை (உங்கள் லவங்கப்பட்டை) ஒரு சின்னத் துண்டை அந்தச் சுடுதண்ணியிலேயே போட்டு எடுத்தால் வாசனை தூக்கும்.

தேயிலைக்கு, நுவரெலியா இலை கிடைத்தால் வாங்குங்கள். ஆறாயிரம் அடி உயரத்தில் விளைவது, சாயம் வெளிறிய பொன்னிறமாக இருக்கும், தேசிக்காய் போடாமலே லேசான தேசி வாசனை வரும். குன்னூர் அண்ணன் கோபிக்க வேண்டாம், நீலகிரியும் எங்களுக்குச் சொந்தந்தான். மலையகத் தமிழரை இந்தியாவுக்கு அனுப்ப இரண்டு நாடும் செய்த 1964 ஒப்பந்தத்துக்குப் பிறகு, எங்கள் தோட்டத்தில் இருந்து கோத்தகிரிக்கும் கூடலூருக்கும் போன சனம் எத்தனை.


குன்னூர் மேகம்
ஏப்ரல் 21, காலை 6:05

கோபம் எதற்கு அம்மா. என்னோடு டான்டீ (தமிழக அரசின் தேயிலைக் கழகம்) தோட்டத்துப் பக்கம் இருந்து வேலைக்கு வந்தவர்களில் பாதிப் பேர் ஹட்டன், பதுளை, பண்டாரவளை என்றுதான் ஊர் சொல்வார்கள். அவர்கள் போடும் பிளேன்டீயில்தான் பால் இல்லாத டீயின் ருசியை நான் தெரிந்துகொண்டேன். இஞ்சியைத் தோலோடு தட்டிப்போடுவார்கள்.


கிள்ளான் தே கடை
ஏப்ரல் 21, காலை 9:50

மலேசியாவில் இதற்கு இவ்வளவு ஆராய்ச்சியே இல்லை. எந்தச் சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்தாலும் "தே ஓ ஐஸ் லிமாவ்" என்று ஒரு குரல் கொடுத்தால் வந்துவிடும். தே ஓ என்றால் பால் இல்லாத டீ, லிமாவ் எலுமிச்சை. பெரும்பாலும் லிமாவ் கஸ்தூரி என்ற சின்ன உருண்டை எலுமிச்சையைப் பாதியாக வெட்டித் தோலோடு உள்ளே போடுவார்கள். தோலின் எண்ணெய் வாசனைதான் உயிர். உங்கள் ஊர் எலுமிச்சையிலும் செய்யலாம்: பிழிந்துவிட்டு, தோலில் வெள்ளைப் பகுதி சேராமல் பச்சைத் தோலை மட்டும் ஒரு கீற்று சீவி டம்ளருக்குள் முறுக்கிப் போடுங்கள்.

வீட்டில் நான் செய்யும்போது 'அசாம் போய்' என்று இங்கே சொல்லும் பழம் ஒன்று போடுவேன். உப்பிட்டு உலர்த்திய பிளம்ஸ் அது. உப்பு, புளிப்பு, இனிப்பு மூன்றும் சேர்ந்து வரும். உங்களுக்குக் கிடைக்காவிட்டால் ஒரு சிட்டிகை இந்துப்பு போட்டுப் பாருங்கள். உப்புக் கரிக்கும் அளவுக்கு வேண்டாம், தெரியாத அளவு போதும். டீயின் கசப்பை அது மட்டுப்படுத்திவிடும்.

ஒரு தகவல்: ஐஸ் டீயைக் கண்டுபிடித்ததே 1904ல் அமெரிக்காவில் நடந்த கண்காட்சியில்தானாம். டீ விற்கப் போனவர் வெயிலில் யாரும் சூடான டீ வாங்காததால் ஐஸைப் போட்டுக் கொடுத்தாராம்.


குன்னூர் மேகம்
ஏப்ரல் 21, காலை 11:00

அந்தக் கதை எங்கள் தொழிலில் எல்லோருக்கும் தெரியும். செயின்ட் லூயிஸ் கண்காட்சி, ஆள் பெயர் ரிச்சர்ட் பிளெச்சிண்டன், நம்மூர்த் தேயிலையை அங்கே பிரபலப்படுத்தப் போனவர். அவரால் ஐஸ் டீ நாடு முழுக்கப் பரவியது என்று வேண்டுமானால் சொல்லலாம். கண்டுபிடித்தவர் அவர் இல்லை. 1879ல் வந்த வர்ஜீனியாச் சமையல் நூல் ஒன்றிலேயே ஐஸும் எலுமிச்சையும் போட்ட டீக்குச் செய்முறை இருக்கிறது. அதில் பச்சைத் தேயிலை, அதாவது கிரீன் டீ. கறுப்புத் தேயிலை அங்கே பெரிதாகப் புகுந்ததே இந்தியத் தேயிலையும் இலங்கைத் தேயிலையும் போய்ச் சேர்ந்த பிறகுதான்.


அடுப்படி ராஜ்ஜியம்
ஏப்ரல் 22, மாலை 4:20

எனக்கு இன்னும் மாம்பழம் பற்றித்தான் கவலை. ஹட்டன் தோழி சண்டை போடும் என்கிறார். மாம்பழ சீசனில் மாம்பழம் இல்லாமல் ஐஸ் டீயா?


உறையூர் ஜூஸ்கடை
ஏப்ரல் 22, இரவு 9:30

மாம்பழம் முடியும், ஆனால் பழுத்த பழம் வேண்டாம். பழுத்ததில் புளிப்பு இல்லாததால் டீயில் போட்டால் மந்தமாகப் போகிறது. கிளிமூக்கு மாங்காய் அரைப்பழமாக, உள்ளே மஞ்சள் பிடித்துக் கொஞ்சம் புளிப்போடு இருக்கும்போது எடுங்கள். துருவி, சர்க்கரை தூவி ஒரு மணி நேரம் அப்படியே வையுங்கள். தானாகச் சாறு விடும். அந்தச் சாறை வடித்து எடுத்தால் தண்ணீர் மாதிரித் தெளிவாக இருக்கும், கூழ் வராது. அதை டீயில் ஊற்றினால் கலங்காது. மீதித் துருவலைப் பச்சடிக்கு வைத்துக்கொள்ளலாம்.

சர்க்கரைக்குப் பதில் நன்னாரி சர்பத் ஊற்றியும் பாருங்கள். ஒரு நாள் சர்க்கரைப் பாகு தீர்ந்துபோய் நன்னாரியை ஊற்றினேன், எலுமிச்சையோடும் டீயோடும் அது நன்றாகவே ஒட்டியது. பீச்சோடு மட்டும் ஒட்டாது, இரண்டு வாசனையும் முட்டிக்கொள்ளும்.


வைகைக்கரை
ஏப்ரல் 26, இரவு 8:15

எல்லோரும் நேரம் எடுத்து எழுதினீர்கள், நடந்ததைச் சொல்ல வேண்டியது என் கடமை.

வியாழக்கிழமை நீலகிரி ஆர்த்தடாக்ஸ் இலை நூறு கிராம் வாங்கினேன். கையில் கொட்டிப் பார்த்தபோதே டஸ்ட்டுக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் தெரிந்தது. சுருண்ட நீள நீள இலை, உலர்ந்த பூ மாதிரி வாசனை. வெள்ளிக்கிழமை ராத்திரி கேன் தண்ணீர் ஒரு லிட்டரில் நாலு டீஸ்பூன் போட்டு, தட்டு மூடி ஃப்ரிட்ஜில் வைத்தேன். சனிக்கிழமை காலை ஆறரைக்கு எடுத்தபோது இலையெல்லாம் விரிந்து அடியில் படிந்திருந்தது. மேலே தண்ணீர் தேன் நிறம். வெள்ளைத் துணியில் வடிகட்டினேன், பிழியவில்லை. பாட்டிலை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தால் அந்தப் பக்கம் எதிர்வீட்டு வேப்பமரம் தெரிந்தது. முதல் தடவை போட்ட டீயை நினைத்துக்கொண்டேன்.

பீச் இன்னும் நல்லதாக வரவில்லை. பழக்கடைக்காரர் மே மாதம் கொடைக்கானலில் இருந்து வரும், பிளம்ஸும் அப்போதுதான் என்றார். கொடித்தோடை ஐந்து கிடைத்தது, தோல் சுருங்கியதாகப் பார்த்து எடுத்தேன். ஹட்டன் தங்கை சொன்ன மாதிரியே கரண்டி முதுகால் தேய்த்தேன். சமையலறை முழுக்க வாசனை. கறுவாப்பட்டையும் போட்டேன், ஆனால் துண்டு கொஞ்சம் பெரிதாகிவிட்டது, அடுத்த முறை பாதி போதும். தர்பூசணிக் கட்டியும் முந்தின நாளே ரெடி.

டம்ளரில் தர்பூசணிக் கட்டி நாலு, கொடித்தோடைச் சாறு இரண்டு ஸ்பூன், மேலே டீ. புதினாவைக் கசக்காமல் உள்ளங்கையில் வைத்து ஒரு தட்டு தட்டிப் போட்டேன். பெரியவள் முதல் வாய் குடித்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. பாதி டம்ளர் காலியான பிறகு, "மண்டபத்தில் குடித்தது வெறும் இனிப்பும்மா, இதில் டீ தெரியுது" என்றாள். சின்னவனுக்குப் பக்கத்து வீட்டு வேலியில் இருந்து சங்குப்பூ. எலுமிச்சையை அவனே பிழிந்தான், நிறம் மாறியதும் இன்னொரு டம்ளர் வேண்டும் என்றான். இப்போது தினமும் அந்த வேலியில் பூ எண்ணுகிறான்.

ஒரு சந்தேகம் பாக்கி. மே 17ல் நாத்தனார் மகளுக்குக் காதணி விழா. வீட்டு மாடியில்தான், நாற்பது பேர் வருவார்கள். வந்ததும் கொடுக்க இதையே போடலாமா? ஜூஸ்கடை அண்ணன் அளவு சொல்ல வேண்டும்.


உறையூர் ஜூஸ்கடை
ஏப்ரல் 27, காலை 7:00

தாராளமாகப் போடலாம்மா. கணக்கு இதுதான். கால் லிட்டர் டம்ளர் என்றால் டீ 150 மில்லி, பாகு 35 மில்லி, மீதி ஐஸுக்கு. நாற்பது பேருக்கு டீ 6 லிட்டர். இலை 60 கிராம் போதும், இரண்டாவது டம்ளர் கேட்பார்கள் என்றால் எட்டு லிட்டராகப் போட்டு 80 கிராம் எடுங்கள். பாகு ஒன்றரை லிட்டர். அப்போது பீச் வந்திருக்கும், ஒன்றரைக் கிலோ பழம், முக்கால் கிலோ சர்க்கரை, முக்கால் லிட்டர் தண்ணீர். எலுமிச்சை பத்துப் பன்னிரண்டு. கோடையில் விலை ஏறும், நாலு நாள் முன்பே வாங்கி வையுங்கள்.

ஆறு லிட்டரை ஃப்ரிட்ஜில் வைக்க இடம் இருக்காது. அதனால் மூன்று லிட்டரில் மொத்த இலையையும் போட்டு ஊறவைத்து, வடிகட்டிய பிறகு குளிர்ந்த தண்ணீர் மூன்று லிட்டர் சேருங்கள். இலை நெருக்கமாக இருப்பதால் பத்து மணி நேரம் ஊறட்டும்.

ஐஸ் ஐந்து கிலோ வேண்டும். இதில் மட்டும் சமரசம் வேண்டாம். மீனுக்குப் போடும் பார் ஐஸை உடைத்துத் தருவார்கள், அதைக் குடிக்கும் பொருளில் போடவே கூடாது. குடிநீரில் செய்த கட்டி ஐஸ் பையாகக் கிடைக்கும், அதைக் கேட்டு வாங்குங்கள். அல்லது மூன்று நாள் முன்பிருந்தே காய்ச்சி ஆறிய தண்ணீரில் வீட்டிலேயே ட்ரேயில் போட்டுப் பையில் சேர்த்துவையுங்கள்.

டீ டிரம்மில் ஐஸைக் கொட்டாதீர்கள், கடைசி ஆளுக்கு வெறும் தண்ணீர்தான் போகும். ஐஸ் டம்ளரில். முதலில் பாகு, அப்புறம் ஐஸ், மேலே டீ, கடைசியில் எலுமிச்சை. ஊற்றிக்கொடுக்க ஒரே ஆள் நிற்கட்டும், அளவு மாறாது.


வெள்ளை உடை
ஏப்ரல் 27, காலை 8:10

பெரியவர்களில் சர்க்கரை நோய் உள்ளவர்கள் வருவார்கள். பாகு இல்லாத டீ ஒரு லிட்டர் தனியாக, புதினாவும் எலுமிச்சையும் மட்டும் போட்டு ஒரு கூஜாவில் வைத்துவிடுங்கள்.


ஹட்டன் கொழுந்து
ஏப்ரல் 27, காலை 10:40

அக்கா, அந்தக் கூஜாவில் இஞ்சி ஒரு துண்டு தட்டிப்போடுங்கள். தோலோடு.